வைஷாலியின் ஐந்து வாக்கியங்கள்

ஆங்கிலம் இரண்டாம் தாளில் ஒரு கேள்வி உண்டு, ஐயா. கலைத்துப் போட்ட ஐந்து வாக்கியங்களை வரிசைப்படுத்த வேண்டும். வாக்கியங்களை எழுதக்கூட வேண்டாம், எண்களைப் போட்டால் போதும். ஐந்து மதிப்பெண் சும்மா கிடைக்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். சும்மா எதுவும் கிடைக்காது என்று நான் சொல்வேன். கல்பாக்கம் பக்கத்தில் பத்தாம் வகுப்புக்கு இந்தத் திருநாவுக்கரசுவிடம் டியூஷன் படித்த யாரைக் கேட்டாலும் தெரியும்.

மற்ற டியூஷன்களில் குறுக்கு வழி சொல்லித் தருகிறார்கள். பெயர் வருகிற வாக்கியம் முதலில், 'கடைசியாக' என்று ஆரம்பிப்பது கடைசியில், நடுவில் குத்துமதிப்பாகப் போடு என்று. நான் அப்படி விடமாட்டேன். வாக்கியங்களைத் துண்டுத் தாள்களாக வெட்டித் தரையில் போடுவேன். எது நடந்ததால் எது நடந்தது என்று யோசித்து அடுக்க வேண்டும். தப்பாக அடுக்கினால் திட்டுவதில்லை, கலைத்துவிட்டு மறுபடி அடுக்கச் சொல்வேன். சரியாக வரும்வரை எழுந்திருக்கக் கூடாது. அது ஒன்றுதான் விதி. நான் எந்தப் பிள்ளையையும் கை நீட்டி அடித்ததில்லை.

என் மகள் வைஷாலிக்கு இது மட்டும் வரவில்லை. கணக்கில் படு சூட்டிகை. ஆனால் எதைச் சொன்னாலும் முடிவைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பத்துக்கு வருவாள். சின்ன வயதில் அதைக் கேட்டு நானும் என் மனைவி பிரபாவதியும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். இந்த அரையாண்டுத் தேர்வில் அந்தக் கேள்விக்கு முட்டை வாங்கினாள். "சார் பொண்ணுக்கே முட்டையாம்டா" என்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் சொன்னது எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை மற்ற பிள்ளைகளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளோடு மட்டும் உட்காருவதாக ஏற்பாடு. அவளோ பள்ளி விட்டு வந்ததும் என்னிடம் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோழி ஷபானா வீட்டுக்குப் போய்விட்டாள். சைக்கிள் நிற்பது வீட்டுக்குப் பின்னால். டியூஷனுக்குத் தனி அறை கட்ட வாங்கிய செங்கல்லை அங்கேதான் அடுக்கி வைத்திருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தாள். ஒன்றும் கேட்காமல் துண்டுகளைத் தரையில் போட்டேன். உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டுப் பேசினாள்.

"அப்பா, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுப்பா. செங்கல்லு கிட்ட கறுப்பா ஒண்ணு நெளிஞ்சு போச்சு. வயிறு ரொம்ப வலிக்குது. சைக்கிள் எடுக்கப் போனேன்ல. கால்ல சுருக்குனு இருந்துச்சு."

ஐந்து வாக்கியங்கள். நான் எண்ணிக்கொண்டேன்.

"வரிசையா சொல்லும்மா," என்றேன். "அஞ்சையும் இங்கிலீஷ்ல எழுதி, வெட்டி, அடுக்கு. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

போகலாம் என்றுதான் சொன்னேன், ஐயா. போகவேண்டாம் என்று சொல்லவில்லை.

அவள் எதிர்த்துப் பேசவில்லை. ஒருபோதும் பேசியதில்லை. தாளை அவளே வெட்டினாள். முதல் தடவை வயிற்றுவலியை முதலில் வைத்தாள். கலைத்தேன். இரண்டாம் தடவை சைக்கிளை முதலில் வைத்தாள், எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் சுருக்கென்றதற்குப் பதிலாக இரண்டு இரண்டாகத் தெரிந்ததை இரண்டாவதாக வைத்துவிட்டாள். மறுபடி கலைத்தேன். ஏதோ சொல்ல வந்தாள், நாக்குக் குழறியது. நிறுத்தி நிதானமாகச் சொல்லு என்றேன்.

வீட்டில் பாத்திரம் தேய்க்கிற மார்கரெட் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். "சார், பாப்பாவுக்குக் கண்ணு சொருகிகினு கீது. மூஞ்சே சரியில்ல. இன்னான்னு பாரு சார்."

"தூக்கம் மார்கரெட். பாடம் நடக்குது, நீ கிளம்பு."

கிளம்பினாள். ஆனால் அவள் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாப்பில் போய் நின்று, செங்கல்பட்டில் ஆபீஸ் முடிந்து வந்து இறங்கிய என் மனைவியைக் கையோடு இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அதற்குள் வைஷாலி மூன்றாம் தடவை அடுக்கிய துண்டுகளின் மேலேயே தலை சாய்த்துவிட்டாள். பிரபாவதி தூக்கியபோது ஒரு துண்டு அவள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்து வீட்டு வேனில்தான் கொண்டுபோனோம். இங்கே ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் என் மடியில் அவள் மூச்சு நின்றது. கட்டுவிரியன் என்றார் டாக்டர். கடித்த இடம் கண்ணுக்கே தெரியாதாம். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நேற்று போலீஸ் விசாரணைக்கு வந்து நீங்கள் எழுதியதில் உங்கள் தவறில்லை. தகப்பனாருக்கு விஷயம் விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். துக்கத்துக்கு வருகிற எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். இரண்டு நாளாக ஒரு வாய் சோறு உண்ணாத பிரபாவதிகூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ முன்னுக்குப் பின் சொன்னா, பாவம், உங்களுக்கு எப்படிங்க புரியும்?" என்று அழுகிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குழந்தை சரியாகச் சொல்லத் தெரியாமல் செத்துப்போனாள் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. அதை மாற்றி எழுதுங்கள் என்று கேட்கத்தான் வந்தேன்.

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. பத்தொன்பது வருஷமாக இதே வேலை பார்க்கிறவன். அவள் ஐந்தையும் சொல்லி முடித்தபோதே எனக்கு வரிசை தெரிந்துவிட்டது. சைக்கிள் எடுக்கப் போனது, காலில் சுருக்கென்றது, கறுப்பாக நெளிந்தது, வயிற்றுவலி, கண். பாம்பு என்ற சொல் அவள் வாயில் வரவில்லை, என் மனத்தில் வந்துவிட்டது. நானே சொல்லிக் கொடுத்துவிட்டால் தேர்வு அறையில் யார் சொல்லிக் கொடுப்பார்கள்? அவளாக அடுக்கட்டும் என்று காத்திருந்தேன். தெரிந்தேதான் காத்திருந்தேன், ஐயா.

அவளைக் குறை சொல்லாதீர்கள். கெட்டிக்காரப் பெண். கடைசியாக அடுக்கியதில் முதல் மூன்றும் சரியாக இருந்தன, இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்திருந்தால் ஐந்தையும் சரியாகவே வைத்திருப்பாள்.