உட்காருங்க என்றொரு சொல்

காவிரிக் காற்று குளிரக் குளிர வீசும் இந்த மாலையில், அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே! நரை கண்டும் நகை குன்றாத திருவரங்கத்துப் பெரியவர்களே! எல்லோருக்கும் சுடச்சுடப் பரிமாறிவிட்டு, ஆறிய சோறு உண்டு பழகிய தாய்மார்களே! தில்லை நகரில் வைத்தியம் பார்க்கும் இந்த மகாலட்சுமி உங்களைக் கைகூப்பி வணங்குகிறேன்.

ஒரு கனவிலிருந்து தொடங்கட்டுமா? பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பிச்சமுத்து ஐயா கண்ட கனவு. அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

"டாக்டரம்மா, முக்கொம்புல ஆறு ரெண்டாப் பிரியுதுல்ல, அங்க மணல்ல உட்கார்ந்திருக்கேன். மயிலு மெல்ல மெல்லக் கொள்ளிடம் பக்கமா நடந்து போறா. எழுந்திரிக்கப் பாக்குறேன், கால் வரல."

மயிலு என்றால் அவர் மனைவி மயிலம்மாள். பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெறும் கனவா அது? நாற்காலியை விட்டு ஐயாவால் தானாக எழ முடியவில்லை. தூக்கிவிட அம்மாவுக்குத் தெம்பில்லை. "அப்பா என்கூடத் துவாக்குடியில இருக்கட்டும். அம்மாவை நீ சென்னைக்குக் கூட்டிட்டுப் போ" என்று மகன் சித்தார்த் தங்கையிடம் பேசி முடித்துவிட்டான். பாசத்தில்தான் பேசினான்!

காரணம் கேட்டால், 'வயசாச்சு!' எனக்கு வந்ததே கோபம்! எல்லாப் பழியும் வயதுக்கா?

அழற்சி என்கிறோமே, அந்தச் சொல்லுக்குள்ளேயே அழல் இருக்கிறது. அழல் என்றால் நெருப்பு. காயம் பட்டால் சிவந்து வீங்கி ஆறிவிடும் நெருப்பு நல்ல நெருப்பு. ஆறாமல், அணையாமல், உமி அடுப்பு மாதிரி ஆண்டுக்கணக்கில் உள்ளே கனல்கிறதே, அது தசையைத் தின்னும், தெம்பைத் தின்னும்! அழற்சி மெல்லத் தளர்ச்சியாகும்.

ஐயாவின் ஈறில் நாள்பட்ட சீழ். வயிற்றில் கொழுப்பு. இரண்டும் அந்த அடுப்புக்கு விறகு. மூன்றாவது விறகு எது தெரியுமா? 'உட்காருங்க!' தண்ணீர் எடுக்க எழுந்தால், 'நீங்க உட்காருங்கப்பா!' கொடியில் துணி எடுக்கப் போனால், 'உட்காருங்கப்பா!' மரியாதை கொடுத்தே அந்த மனிதரை முடக்கிப்போட்டோம்.

பின்வரிசையில் கை தூக்கும் பெரியவரே, என்ன கேட்கிறீர்கள்? கஷாயம் குடித்தால் போதுமா? தாராளமாகக் குடியுங்கள், நின்றுகொண்டு குடியுங்கள்!

"ஆடிப்பெருக்கு வரைக்கும் பிரிக்காதீங்க" என்று பிள்ளைகளிடம் கெஞ்சினேன். ஈறுக்கு வைத்தியம் நடந்தது. தட்டில் முட்டை ஏறியது. நாற்காலியைப் பிடித்து எழுந்து எழுந்து உட்காரப் பழகினார். அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "அவர் எழும்போது கை கொடுக்காதீங்கம்மா." பாவம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "என்னைக் கல்நெஞ்சுக்காரின்னு நினைச்சுடாதீங்க" என்று புருஷனிடம் அழுதார்.

ஆடிப்பெருக்கு வந்தது. காவிரிக்கரையில், அம்மா மண்டபப் படித்துறையில் உட்கார்ந்திருந்த ஐயா, யார் கையும் பிடிக்காமல் எழுந்தார்! பார்த்துக்கொண்டிருந்த சித்தார்த், "அம்மாவை எங்கயும் அனுப்பல, டாக்டர்" என்றான்.

கனவு இப்போதும் வருகிறதாம். ஆனால் இருவரும் சேர்ந்தே நடக்கிறார்களாம்.

நிறைவாக ஒன்று. 'பெரியவங்க உட்காருங்க, சுண்டல் உங்க இடத்துக்கே வரும்' என்று சற்றுமுன் அறிவித்தார்கள். தலைவர் மன்னிக்க வேண்டும், சுண்டல் வாசலிலேயே இருக்கட்டும்! பக்கத்தில் இருப்பவர்களே, விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அவசரப்பட்டுக் கை நீட்டாதீர்கள். அதோ, முன்வரிசையில் பிச்சமுத்து ஐயா எழுகிறார். மயிலம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், பாருங்கள்!

இவ்வளவு நேரம் நீங்கள் அமர்ந்தீர்கள், நான் நின்றேன். பொறுமைக்கு நன்றி, வணக்கம். இனி நீங்கள் எழுங்கள், நான் உட்காருகிறேன்.