முதலில் நகல், பிறகு சோதனை

ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் சாகும். மனிதர்களைப் போலத் திடுதிப்பென்று போய்விடாது. கோப்பு திறக்கத் தாமதமாகும், பிறகு உள்ளே டிக் டிக் என்று சத்தம் வரும். செத்த டிஸ்க்கிலிருந்து தரவை மீட்பதே வேலையாக இருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நானும் பதினாறு வருடமாக ஒரு கல்லூரியின் கணினிகளைக் கட்டி மேய்க்கிறவன்தான்.

என் மைத்துனர் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்த டிஸ்க்கில் இருப்பவர் என் மனைவியின் முதல் கணவர். இறந்துவிட்டார். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் மறுத்துப் பேசியதில்லை. கைக்குழந்தையான மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கதை சொல்வார், தாளம் தப்பிப் பாடுவார், தானே சிரிப்பார். நூற்றுப்பத்து வீடியோக்கள். மகளுக்கு இப்போது ஏழு வயது. ஞாயிறுதோறும் அம்மாவும் மகளும் உட்கார்ந்து பார்ப்பார்கள், நான் மாடியில் துணி உலர்த்துவேன்.

எனக்குப் பொறாமை கிடையாது. செத்தவரிடம் என்ன பொறாமை. ஆனால் மூன்று வருடமாக மகளுக்குத் தலை வாரிவிடுகிறேன், அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறாள். "எங்க அப்பா கம்ப்யூட்டர்ல இருக்காரு" என்று வகுப்பில் சொன்னாளாம். டீச்சர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

பிறகு சத்தம் வர ஆரம்பித்தது.

"என்னங்க, டிக் டிக்குங்குது. புதுசு வாங்கி மாத்திடலாமா?" என்றாள் மனைவி.

"அவசரப்படாத. டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுச் சொல்றேன்."

சாகக் கிடக்கும் டிஸ்க் என்றால் முதலில் நகல் எடுக்க வேண்டும், பிறகுதான் சோதனை. முழுச் சோதனை என்பது நெஞ்சுவலிக்காரனை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்கிற மாதிரி. நகலுக்கு இரண்டு மணி நேரம் போதும், புது டிஸ்க் என் இழுப்பறையிலேயே இருந்தது. நான் சோதனையை ஓடவிட்டேன். மறுநாளும் ஓடவிட்டேன். அவள் கேட்கும்போதெல்லாம், "டெஸ்ட் ஓடிட்டிருக்கு," என்றேன். அது பொய்யில்லையே, ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பத்தொன்பது முழுச் சோதனைகள் என்று டிஸ்க்கே பதிந்துவைத்திருப்பதாகப் போனில் சொன்னீர்கள். சரியான எண்ணிக்கைதான். கடைசிச் சோதனையின் பாதியில் அது நின்றுபோனது. மனைவி இரண்டு நாள் அழுதாள். நான் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டேன், லீவு கூடப் போட்டேன்.

கொஞ்சமாவது மீட்கலாம் என்கிறீர்கள். ஒன்றும் தேறாது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். நாலு மாதம் கழித்துக் குழந்தையே இப்போதுதான் ஆறி வருகிறாள். போன வாரம் பள்ளிக்கூடம் போகிற வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அப்பா குரல் எப்படி இருக்கும்? மறந்தே போச்சு," என்றாள்.

"கிட்டத்தட்ட என் குரல் மாதிரிதாம்மா," என்றேன்.