ஒன்றரை நாள் தூரம்

ஹலோ... ம், அக்காதான்... கேக்குது, சொல்லு... ஆமா, அப்பாவைக் கூடத்துலதான் வச்சிருக்கோம். ஐஸ் பெட்டி வந்துடுச்சு... தூங்கற மாதிரிதான் இருக்காரு... ம்... ம்...

ஆமா ஆமா, ஒன்றரை நாள். ரெண்டு இடத்துல மாறணும். வருஷக்கணக்கா நீ சொல்றதுதானே... உனக்காகக் காத்திருக்க வேண்டாம்கறியா? மத்தியானமே எடுத்துடச் சொல்றியா... சரிடா, அழாத. நான் ஒண்ணு சொல்றேன், கேளு.

காலையில முக்குல இருக்கற டிராவல்ஸுக்குப் போனேன்... உனக்காகத்தான். பாவம், கடைசியா மொகத்தைப் பாக்கட்டும், சீக்கிரம் வர ஏதாவது வழி இருக்கான்னு கேக்கலாம்னு... இரு, குறுக்க பேசாத.

அங்க டிக்கெட் போடற அம்மா கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. நீ இருக்கற ஊருக்கும் நம்ம ஊருக்கும் மூவாயிரம் கிலோமீட்டராம். நேரா ஒரே ப்ளைட்டு. நாலரை மணி நேரம்... ஆமா, நாலரை... புதுசா விட்டதா? நீ அங்க போறதுக்கு முந்தியே ஓடுதாம்.

சீட்டா? இருக்கு, கேட்டுட்டேன். மத்தியானம் ஏறினா சாயங்காலம் வாசல்ல நிக்கலாம்...

ஹலோ... இருக்கியா?... ஏன்டா?... அப்பா கண் ஆபரேஷனுக்கு வரல. விழுந்து இடுப்பு ஒடஞ்சப்போ வரல. "அவ்ளோ தூரத்துல இருக்கான், புள்ள என்ன பண்ணுவான்"னு அவரே சமாதானம் சொல்லுவாரு. நான் வாயைத் தொறந்தா எம்மேல எரிஞ்சு விழுவாரு... என்னது? கிட்டக்கன்னு தெரிஞ்சா அடிக்கடி கூப்பிடுவோம்னா?... ம். நல்லாருக்கு.

ஆயுசு பூரா பஸ் டெப்போவுல டைம்கீப்பர். வண்டி அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தா டிரைவரை நிக்க வச்சுக் கேட்ட மனுஷன். அவர்கிட்டயே போய் ரன்னிங் டைம்ல பொய் சொல்லியிருக்க...

இல்ல. அவருக்குத் தெரியாம இல்ல. அதான் சொல்ல வரேன். "உங்கப்பாவும் வந்து இதையேதான் கேட்டாரு"ன்னாங்க அந்தம்மா... கண் ஆபரேஷனுக்கு முன்னாடி. நாலரையா, நாலரையான்னு ரெண்டு தடவை கேட்டாராம். அப்படியே எழுந்து போயிட்டாராம், குடையைக் கூட விட்டுட்டு. எடுத்து வச்சிருந்து இன்னிக்குக் குடுத்தாங்க. இதோ, என் மடியில இருக்கு.

அப்போ இடுப்பு ஒடஞ்சு கெடந்தப்போ அவருக்குத் தெரியும்டா. தெரிஞ்சும் என்கிட்ட ஒன்றரை நாள்னுதான் சொன்னாரு. நான் அவருக்குத் தலை துடைச்சு விட்டுட்டு, ஆமாம்ப்பா பாவம்னு... நீ சொன்ன பொய்யைக் கூட தாங்கிடுவேன், அவர் என்கிட்ட சொன்னதை...

ம்?... கெளம்பறியா? மத்தியான ப்ளைட்டுக்கா?... வேண்டாம்.

வேண்டாம்னு சொல்றேன். வாசல்ல டெப்போ ஆளுங்க உக்காந்திருக்காங்க. "பையன் வர ஒன்றரை நாள் ஆகுமே"ன்னு எனக்கு ஆறுதல் சொல்றாங்க. எல்லாம் அப்பா சொல்லி வச்சது. அவர் வாயில தப்பு டைம் வந்ததே இல்லன்னு நம்பறவங்கடா. நீ இன்னிக்குச் சாயங்காலம் வந்து நின்னா அவர் என்ன ஆவாரு?...

கேளு... கேளு. நாளைக்கு ராத்திரி வா. நீ சொன்ன கணக்குப்படியே. சட்டையைக் கொஞ்சம் கசக்கிட்டு வா...

ம்... அழு.

நேரமாச்சு. அப்பாவை எடுக்கணும். வைக்கிறேன்.