தேர்ச்சின்னா பாஸ் இல்ல

தப்பு என்னோடது. நல்லாப் படிச்சுக்கிட்டிருந்த பொண்ணை, பதினாறு வயசுல, பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்திட்டேன். ஒரே ஒரு காகிதத்தைப் பாத்துட்டு. இப்ப உன் கையில இருக்கு பாரு, அதே காகிதம். அதனாலதான் சொல்றேன், அந்தப் பேனாவை மூடி பைக்குள்ள வை.

இல்ல தம்பி, வாத்தியார் இல்ல. லிஃப்ட் மெக்கானிக். அங்க கதவு பொளந்து கிடக்குதே, அது என் வேலை. ரிலேன்னு ஒரு கரண்ட் பார்ட்டு போயிருக்கு. வாங்கப் போனவர் இன்னும் வரல. ஹெட்மாஸ்டர் கூப்பிடற வரைக்கும் உனக்கும் வேலை இல்ல. எனக்குப் பேச்சு பிடிக்காது. வேற வழியில்ல, பேசறேன். கேளு.

தண்ணிக் குழா கிட்ட நகத்தைக் கடிச்சுக்கிட்டு நிக்குதே, அதா உன் பொண்ணு? சரி சரி, கூப்பிடாத. நிக்கட்டும்.

என்ன புலம்பினே கொஞ்சம் முன்னாடி? திறன் சோதனையில வாசிப்பு, அடிப்படை. கணக்கு, அடிப்படை. கீழ ஒரு வரி, தேர்ச்சி நிலையை எட்டவில்லை. அதானே? எனக்கும் அதேதான் வந்தது. எனக்குன்னா, என் மூத்த பொண்ணுக்கு. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. ஒரு எழுத்து மாத்தல பாரு. எத்தனை வீட்டுல என்னென்ன நடந்துச்சோ.

ஃபெயில்னு யாரு சொன்னா உனக்கு? நீயே சொல்லிக்கிட்டே. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். தேர்ச்சின்னா நமக்கு என்னய்யா? பாஸ். தேர்ச்சி இல்லைன்னா? அவ்வளவுதான். லிஃப்ட்டுன்னா ஏறும், இல்ல ஏறாது. நடுவுல ஒரு நிலைன்னு எனக்கு யாரும் சொல்லித் தரல.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. மச்சான் வந்திருந்தார். என் பொண்டாட்டியோட தம்பி, ஆபீஸ்ல கிளார்க்கு. அக்கா செத்துப் பத்து வருஷம் ஆகியும், மாசம் ஒரு தடவை வந்து எங்களை விசாரிச்சுட்டுப் போவார். விசாரணைன்னா விசாரணைதான், போலீஸ் தோத்துடும். அவர் பொண்ணும் இவளோட ஒரே வகுப்பு. எங்க வீட்டுது எல்லாத்துக்கும் மேல, உயர்நிலை அத்தான், ரெண்டுலயும் உயர்நிலை, உங்க வீட்டுது எங்கன்னு கேட்டார். பெரியவ உள்ள போய்க் காகிதத்தை எடுத்துட்டு வந்து குடுத்தா. மறைக்கல. அவ முகத்துல பயமே இல்ல தம்பி, அதை நான் அன்னிக்கே கவனிச்சிருக்கணும்.

மச்சான் பாத்தார். உதட்டைப் பிதுக்கினார். என்ன அத்தான், உங்க லிஃப்ட்டு கீழ்த் தளத்துலயே நின்னுபோச்சு போலன்னார். சொல்லிட்டு, நீங்களே பாருங்கன்னு என் கையில திணிச்சார்.

பாத்தேன். அடியில அந்த வரி. தேர்ச்சி. கடைசியில ஒரு ல்லை. அது ரெண்டும் போதும் எனக்கு. ரத்தம் தலைக்கு ஏறிப்போச்சு.

அப்பா, பின்பக்கம் திருப்புங்க, அங்க விளக்கம் போட்டிருக்குன்னா. வாயை மூடுன்னேன். இல்லப்பா, ஒரு நிமிஷம், நான் வாசிக்கிறேன்னு கையை நீட்டினா. நான் சொன்னதைச் சொல்றேன், கேட்டுக்கோ. படிக்கத் துப்பில்லாத கழுதை, நீ எனக்குப் படிச்சுக் காட்டப்போறியான்னேன். மச்சான் முன்னாடி. சின்னவ முன்னாடி. சின்னவளுக்கு அப்ப பன்னெண்டு வயசு. கதவுக்குப் பின்னால நின்னா.

பெரியவ என் முகத்தைப் பாத்தா. அப்புறம் அவ மாமா முகத்தைப் பாத்தா. நீட்டின கையை இறக்கிட்டா. அவ்வளவுதான். நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன்.

மறுநாள் நானே இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். அப்ப லிஃப்ட்டு கிடையாது, படி ஏறித்தான் வந்தேன். நீ வச்சிருக்கிற மாதிரி, பொண்ணை நிறுத்திக்கிறேன்னு ஒரு விண்ணப்பம். கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல சேத்து விட்டேன். அங்க லிஃப்ட்டு நான்தான் பாத்துக்கிட்டிருந்தேன், சூப்பர்வைசர் பழக்கம். பெட்ஷீட் மடிக்கிற வேலை. ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு, முனை பிடிச்சு, மடிச்சு, கிட்ட வந்து, மறுபடி விலகி. நாளைக்கு நானூறு. நான் மோட்டார் ரூமுக்குப் போகும்போது கண்ணாடி வழியாத் தெரிவா. என்னைப் பாத்தா தலையசைப்பா. நானும் அசைப்பேன்.

இன்னும் அங்கதான் இருக்கா. முப்பத்தெட்டு வயசு. மருந்துத் தண்ணி பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வெடிச்சுக் கிடக்கும்.

கோவமா? கோவப்பட்டிருந்தா நான் ஏன்யா உன்கிட்ட உக்காந்து பேசிக்கிட்டிருக்கேன்? அன்னிலேருந்து இன்னிவரைக்கும் ஒரு சொல்லு கேட்டதில்ல. சாப்பிட்டீங்களாப்பா. மாத்திரை போட்டீங்களாப்பா. அதேதான். ஒரு தடவை, ஒரே தடவை, ஏன்டா பாவி என் படிப்பைக் கெடுத்தேன்னு கேட்டிருந்தா, நான் காலைப் புடிச்சிருப்பேன். கேக்கல. நான் எதைப் புடிக்கிறது?

விஷயத்துக்கு வரேன். இரு, அவசரப்படாத. ஹெட்மாஸ்டர் ஓடிப்போயிட மாட்டார்.

அடிப்படைன்னா ஃபெயில் இல்ல. உன் பொண்ணுக்கு ஒரு பக்கம் குடுத்தா வாசிச்சு, இது என்ன சொல்லுதுன்னு எடுத்துச் சொல்லத் தெரியும். நேரா எழுதாம விட்டதையும் கொஞ்சம் யூகிப்பா. கணக்குல, தெரிஞ்ச வழியில போட்டு விடைக்கு வந்துடுவா, படம், அட்டவணை பாத்துப் புரிஞ்சுப்பா. அதுதான் அடிப்படை. தேர்ச்சிங்கிறது அதுக்கு ஒரு மாடி மேல. எழுதினவன் எதை மறைக்கிறான், அவன் சொல்ற காரணம் நிக்குமான்னு அலசணும். கணக்குன்னா, இந்த வழி ஏன் சரின்னு நிரூபிக்கணும். அது கெட்டிக்காரத்தனம். எல்லாரும் எட்டறது இல்ல. எட்டாததுனால வகுப்புல தேறலைன்னு ஆயிடாது. என் பெரியவ வருஷப் பரீட்சையில எல்லாப் பாடத்துலயும் பாஸ். கணக்குல அறுபத்தெட்டு. நான் அதைக் கேக்கவே இல்ல.

நானா கண்டுபிடிச்சுச் சொல்லல. பின்பக்கமே போட்டிருக்கு. தேர்ச்சி நிலை என்பது வகுப்பில் தேறியதைக் குறிக்காது. பொடி எழுத்துல, ஆறாவது வரியாம்.

எதுக்கு என்கிட்ட நீட்டறே? நீயே திருப்பி வாசி. கண்ணாடியெல்லாம் இல்ல. கண்ணு நல்லாத்தான் இருக்கு. எனக்கு வாசிக்க வராது தம்பி.

ஆமா, வராது. அதுல அடிப்படைக்குக் கீழன்னு ஒரு கட்டம் இருக்காமே, அது என் கட்டம். நாப்பது வருஷம் கம்பியோட நிறத்தையும் மோட்டார் சத்தத்தையும் வச்சு ஓட்டிட்டேன். அஞ்சாங்கிளாஸ்ல எனக்கு ஒரு சீட்டுக் குடுத்தாங்க, தேர்ச்சி இல்லைன்னு. எங்கப்பா அதைச் சுவத்துல ஒட்டி வச்சார், நான் பாத்துக்கிட்டே இருக்கணும்னு. அந்த ரெண்டு வார்த்தை மட்டும் எங்க கண்டாலும் தெரியும். மத்ததெல்லாம் எனக்கு எறும்பு.

மச்சானுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாதுன்னுதான் நினைச்சேன்.

சின்னவளும் படிச்சா. நாலு வருஷம் கழிச்சு அவளும் அதே வகுப்பு. அவளுக்கும் அந்தக் காகிதம் வந்திருக்கணுமே, என்ன ஆச்சுன்னு நான் யோசிக்கக்கூட இல்ல. பரீட்சை எழுதினா, மேல போனா, இன்னிக்கு ரத்தம் சோதிக்கிற லேப்ல இருக்கா. அந்த வேலையில சேர்றப்ப பழைய சர்ட்டிபிகேட்டெல்லாம் கட்டில்ல பரப்பி அடுக்கிக்கிட்டிருந்தா. நான் பக்கத்துல சும்மா நின்னேன். அதுல ஒரு காகிதம். அடியில அந்த வரி. எனக்குத்தான் அது தூரத்துலயே தெரியுமே. அதுக்கும் கீழ, பெற்றோர் கையெழுத்து போடற இடத்துல, என் கையெழுத்து.

என்னுதுதான். கோணலா, கடைசி எழுத்து கீழ சரிஞ்சு, எழுதத் தெரியாம நான் படம் மாதிரி வரைவேனே, அப்படியே. ஆனா நான் போடல தம்பி.

யாரு போட்டதுன்னேன். சின்னவ காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தை எனக்கு வாசிச்சுக் காட்டினா. அப்புறம் சொன்னா. அவளும் ரெண்டுலயும் அடிப்படைதானாம். அன்னிக்கு அழுதுக்கிட்டே வந்திருக்கா. பெரியவ அவளை உக்கார வச்சு, பின்பக்கத்தை வரிவரியா வாசிச்சு, இது ஃபெயில் இல்லடி, அழாதன்னு சொல்லி, என் கையெழுத்தைப் போட்டு, சலவைக்கூடத்துல அரைநாள் லீவு சொல்லிட்டு, அந்த யூனிபார்மோடயே இங்க வந்து, இதே பெஞ்சுல உக்காந்து, எனக்குப் பதிலா ஹெட்மாஸ்டரைப் பாத்துப் பேசிட்டுப் போயிருக்கா. அப்பாகிட்டக் காட்டாத, அவரால வாசிக்க முடியாது, மாமா முன்னாடி அன்னிக்கு மாட்டிக்கிட்டார், இன்னொரு தடவை அவரை அப்படி நிக்க வைக்க வேண்டாம்னு சொல்லியிருக்கா.

அப்ப அவளுக்கு இருபது வயசு. நான் படிக்கத் துப்பில்லைன்னு சொன்னேனே, அவ. நான் பண்ணின தப்பு சின்னவளுக்கு நடக்காமச் சரி பண்ணினது பெரியவதான்.