வாங்க, போங்க

காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை, பேசப்போகிற தொண்டைக்கு இதமாக இருக்கும். ஒரு திருத்தம் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். எங்கள் கார் விபத்தைப் பற்றி உங்கள் விசாரணைக் குழு முடிவு சொல்லிவிட்டதாக மகன் சொல்லி அனுப்பினான். கார் ஓட்டுகிறவரோடு பேசுகிற ரேடியோவில் நான் "வாங்க" என்றேனாம். இன்ஜின் இரைச்சலில் அது என் மாப்பிள்ளை காதில் "போங்க" என்று விழுந்துவிட்டதாம். இரண்டு வார்த்தைக்கும் வால் ஒன்றுதானே, யார் மேலும் தப்பில்லை என்று முடித்துவிட்டீர்களாம். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் நான் பேசியது தெளிவாக இல்லை என்று ஆகிவிடுகிறதே, அது எனக்கு ஒப்பவில்லை.

இந்த சீசனைப் போல ஒரு வருஷம் எனக்கு வாய்த்ததே கிடையாது. நாட்டுக்கு நாடு பறந்து, ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று ஒரே காரை ஓட்டுகிற பந்தயங்கள். கார் எங்கள் குடும்ப ஒர்க்‌ஷாப்பினுடையது. என் மகனும் மாப்பிள்ளையும் மாறி மாறி ஓட்டுவார்கள். நான் பிளாஸ்க்கில் காபி ஊற்றிக் கொடுக்கத்தான் கூடப் போனேன். முதல் பந்தயத்தன்று ரேடியோவில் பேசுகிற பையனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கார் ஓட்டுகிறவர் காதில் ஒரே ஒரு குரல்தான் பேச வேண்டும் என்பது எங்கள் தொழிலில் சட்டம். பத்துப் பேர் பேசினால் அவர் எதைக் கேட்பார்? யார் பேசுவது என்று எல்லாரும் முழித்தபோது, எங்கள் தலைமை மெக்கானிக், கிரீஸ் என்று கூப்பிடுவோம், அவன் ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டான். மிக்ஸிக்கும் குக்கருக்கும் மேலே பேசிப் பழகின குரல் சார் இது. இன்ஜினெல்லாம் எனக்கு எம்மாத்திரம்.

டயர் மாற்ற, பழுது பார்க்க கார் வந்து நிற்கிற இடத்துக்குப் பிட் என்று பேர். அதற்குள் வர வேண்டுமென்றால் "வா". வராமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமென்றால் "போ". சட்டம் அவ்வளவுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? மகன் கிளம்பினதுமே பட்டனை அழுத்தி, "பாத்துப் போயிட்டு வா கண்ணு" என்றேன். அவன் காதில் அந்த "வா" மட்டும்தான் விழுந்தது. ஒரே ஒரு சுற்று ஓட்டிவிட்டு நேராக உள்ளே வந்து நின்றான். இங்கே ஒருத்தன் வாயில் பிஸ்கட், ஒருத்தன் பாத்ரூமில். கிரீஸ் சிரித்த சிரிப்பில் டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டான். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

"ரேடியோல பாசம் வேண்டாம் அத்தை. வார்த்தை போதும்" என்றார்.

சரி என்றேன். மகனுக்கு "போ" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவனுக்கு மட்டும் "இரு" என்று மாற்றிக்கொண்டேன். மாப்பிள்ளையை வா போ என்று ஒருமையில் பேசவும் வாய் வராது. ஆகவே அவருக்கு "வாங்க", "போங்க". அதிலே இரண்டு எழுத்து மிச்சம் பிடிக்கலாமே என்று அவர் சொல்லிப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு மரியாதை குறைந்தால் என் மகள் என்னைச் சும்மா விடமாட்டாள் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

அப்புறம் பாருங்கள். அடுத்த ஊரில் மழை தூறியது. எல்லா டீமும் அடித்துப் பிடித்துக்கொண்டு மழை டயர் மாற்ற உள்ளே ஓடியது. நான் வானத்தை ஒரு பார்வை பார்த்தேன். இது கொடியில் காயும் துணியை எடுக்க வைக்கிற மழை, டயரை மாற்ற வைக்கிற மழை இல்லை என்று மகனிடம் சொல்லி, "இரு" என்றேன். இருந்தான். மழை அந்தாண்டை போய்விட்டது, நாங்கள் ஜெயித்துவிட்டோம். மேடையில் என் தலையில் ஷாம்பெயினைக் கொட்டினார்கள். சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் பிசுக்குப் போகாதோ என்று கவலைப்பட்டுக்கொண்டே ஆடினேன். அடுத்த கராஜ்காரர்கள்கூட என்னை ரேடியோ அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். விமானத்தில் ஹெட்போனைப் பெட்டியில் வைக்க மனசு வரவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு பூரிப்பு இருக்காது.

யோசித்துப் பாருங்கள் சார். என் வீட்டில் நான் ஃபேனை நிறுத்தச் சொன்னால் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். சாப்பிட வா என்று நாலு தடவை கத்த வேண்டும். இங்கே நான் ஒரு வார்த்தை சொல்கிறேன், கண்ணுக்கே எட்டாத தூரத்தில் அவ்வளவு வேகத்தில் ஓடுகிற கார் கேட்கிறது. மறுபேச்சு கிடையாது.

கடைசிப் பந்தயம்தான் பெரியது, ஒரு முழு நாள். காலையில் வெயில் ஏறினதும் மகன் இறங்கி மாப்பிள்ளை ஏற வேண்டும். கையுறையை மாட்டிக்கொண்டே என்னிடம் வந்தார். கோபமாக எதுவும் இல்லை, சிரித்த முகம்தான்.

"அடுத்த சீசனுக்கு ரேடியோவுக்கு ஆள் பேசியாச்சு அத்தை. உங்க வயசுக்கு இந்த அலைச்சல் எதுக்கு? வீட்ல பெரிய டிவியா வாங்கி மாட்டிடறேன், காலை நீட்டிட்டு பாருங்க."

எவ்வளவு அக்கறை பாருங்கள். டிவி எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, அது நான் சொல்வதைக் கேட்காதே. அதை அவரிடம் சொல்லவில்லை. பந்தய நேரத்தில் ஓட்டுகிறவர் மனசைக் கலைக்கக்கூடாது. "ஆகட்டும் மாப்பிள்ளை" என்றேன்.

அவர் சிங்கம் மாதிரி ஓட்டினார். அதில் குறையே சொல்ல முடியாது. முதலிடத்துக்கு வந்துவிட்டோம். நான் நாற்காலியில் உட்காராமல் குதித்துக்கொண்டிருந்தேன். அப்போது கிரீஸ் காரின் நிலவரம் காட்டுகிற திரையைப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தான். "மாப்பிள்ளையை உடனே கூப்பிடுங்கம்மா, பிரேக் தேஞ்சு போச்சு, இன்னொரு சுத்து தாங்காது" என்றான். தலையாட்டினேன். அவன் புது டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பையன்களோடு வாசலில் முட்டி போட்டுக் காத்திருக்கப் போய்விட்டான். பாவம், எவ்வளவு சுறுசுறுப்பு.

நான் பட்டனை அழுத்துவதற்கு முன்பே மாப்பிள்ளை பேசினார்.

"அத்தை, பெடல் ரொம்ப கீழ போகுது. வரட்டுமா?"

நான் "போங்க" என்றேன்.

வாய் குழறவில்லை. பதற்றம் இல்லை. மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் இழுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகச் சொன்னேன். பாசம் எதுவும் கலக்கவில்லை, வார்த்தை மட்டும்தான். கார் எங்கள் வாசலைத் தாண்டிச் சர்ரென்று போனது. கிரீஸ் திரும்பிப் பார்த்து, கூப்பிட்டீங்களாம்மா என்று கேட்டான். கூப்பிட்டேன், காதில் விழவில்லை போலிருக்கிறது என்றேன். நீங்கள் கேட்டபோதும் அதையே சொன்னேன். அழுதுகொண்டிருந்தேன், நீங்களும் அதற்கு மேல் துருவவில்லை. ரேடியோ பதிவிலும் வெறும் இரைச்சல்தான் என்றீர்கள்.

நீண்ட சாலை முடிகிற அந்த வளைவில் அவர் பிரேக்கை மிதித்திருக்கிறார். மிதிக்க அங்கே ஒன்றும் இல்லை. மதில் வரைக்கும் வேகம் குறையவே இல்லை என்று உங்கள் ஆட்கள்தானே அளந்தார்கள். என் மகள் இன்னும் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. சின்ன வயசுதான், தேறிவிடுவாள். மகன் என்னைப் பார்த்தால் அறையை விட்டு எழுந்து போகிறான். ரேடியோவுக்குப் பேசிவைத்த ஆள் வேண்டாம் என்று அவனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. துக்கம் ஆறட்டும் என்று இருக்கிறேன்.

ஆகவே தப்பாகக் காதில் விழுந்தது என்பதை மட்டும் அடித்துவிடுங்கள் சார். மாப்பிள்ளைக்குச் சரியாகத்தான் விழுந்தது. பதிவில் இல்லாவிட்டாலும் எனக்குக் கேட்டது, அவர் பதில் சொன்னார். ஒரு நொடி யோசித்த மாதிரி இருந்தது. அப்புறம், "சரி அத்தை, போறேன்" என்றார்.

அடுத்த சீசனுக்கு நான் வேண்டாம் என்று காலையில் சொன்னாரே, அதெல்லாம் சும்மா வாய்ப்பேச்சு. மனசுக்குள் என்ன இருந்தது என்று நீங்களே பாருங்கள். கார் அவர் கையில் இருந்தது, பெடல் அவர் காலில் இருந்தது, ஆனாலும் என் பேச்சைத்தான் கேட்டார்.