பசுமைப் பந்தலும் நான்கு முட்டைகளும்

கடையை அடைத்துவிட்டு வந்து தலைமை ஏற்றிருக்கும் காசிலிங்கம் அண்ணாச்சி அவர்களே! கடற்காற்றோடு மல்லுக்கட்டிப் பந்தல் எழுப்பிய பசுமை விழாக் குழுவினரே! தருவைகுளத்தின் இந்தத் திறந்த வெளியில் வெயிலைப் பாராமல் கூடியிருக்கும் பெரியோர்களே, பெற்றுப் பேணி வளர்க்கும் தாய்மார்களே! நாசரேத்துப் பள்ளியில் உயிரியல் நடத்தும் ஜெபசுதாவின் வணக்கம்.

மரம் நடுவதை வாழ்த்திப் பேச வந்தேன். வாழ்த்த வாய் வரவில்லை. வயிறுதான் எரிகிறது!

நான் காரைவிட்டு இறங்கும்போது பந்தலுக்குப் பின்னால் ஆள்காட்டிக் குருவி ஒன்று அலறிக்கொண்டு சுற்றியது. விழாச் செயலாளர் செல்வின் அதன்மேல் கல்லெறிகிறார்! "என்ன தம்பி இது?" என்றேன். "காலையில இருந்து கத்திக்கிட்டே கெடக்கு டீச்சர். நல்ல காரியத்துக்கு அபசகுனம்லா!" என்கிறார்.

யாருக்கு அபசகுனம்? நமக்கா, அதற்கா?

போய்ப் பார்த்தேன். கன்று நடத் தோண்டிய குழிக்கு ஒரு முழம் தள்ளி, வெறுந்தரையில் நான்கு முட்டைகள். மரத்தில் கூடு கட்டாது அந்தக் குருவி; மறைவையும் தேடாது. வரும் பகையைத் தொலைவிலேயே பார்க்க அதற்குத் திறந்த வெளி வேண்டும். மண்ணில் ஒரு பள்ளம், சுற்றிச் சிறுகல், மண்ணின் நிறத்தில் முட்டை: அதுதான் அதன் மாளிகை! ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். வெயில் கொளுத்தினால் தண்ணீரில் வயிற்றிறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். தண்ணீர்க் குடம் சுமந்த தாய்மார்களே, அந்தப் பாடு உங்களுக்குத் தெரியாதா?

என்ன அண்ணாச்சி? "சும்மா கெடந்த பொட்டல்தான டீச்சர்" என்கிறீர்களா? குஞ்சு பொரிக்கும் வீட்டுக்குப் பெயர் பொட்டலா? இங்கே வேம்பு வளர்ந்தால் வேம்பில் காகம் அமரும். காகத்தின் கண்ணுக்கு முட்டை தப்புமா? பசுமை என்று பேசிப் பறவையைப் பலியிடுவதா? பள்ளி வாசலில் நடுங்கள், பாதை ஓரத்தில் நடுங்கள், யார் வேண்டாம் என்றது?

இதோ, தலைவரே எழுந்துவிட்டார்! "ஏலே செல்வின், குழிய மூடுங்கலே! மரக்கன்னுகள ரோட்டோரத்துக்குக் கொண்டு போங்க!" என்கிறார், கேட்டீர்களா?

ஐயோ, கைதட்டாதீர்கள்! குருவி இன்னும் மேலேதான் வட்டமிடுகிறது. கீழே வெயிலில் முட்டை வேகிறது. இவ்வளவு நேரம் இந்த ஒலிபெருக்கியில் முழங்கி, அதைத் தரையிறங்க விடாமல் வைத்திருப்பது நானல்லவா!

தலைவருக்கு என் நன்றி. தாய்மார்களுக்கு என் வணக்கம். பொன்னாடை வேண்டாம், நன்றியுரையும் வேண்டாம். மைக்கை நிறுத்துங்கள் தம்பி. சத்தமில்லாமல் கலைந்து போவோம்.