வெள்ளைச் சட்டை போட்டவன்

— உள்ள வாங்க, பேப்பர்க்காரத் தம்பி. ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? அந்த நாற்காலி ஆடும், இதுல உட்காருங்க. காலையிலேருந்து ஒருத்தர்கூட தோர்த்தியா ரொட்டி வாங்க வரலை. இன்னைக்கு இந்தத் தெருவுக்கு என்ன வந்துச்சோ. நீங்கதான் முதல் ஆள்.

— என்னை ஞாபகம் இருக்காம்மா?

— மறக்குமா? பிணவறை வாசல்ல எல்லாரும் என் மூஞ்சிக்கு நேரா கேமராவை நீட்டினாங்க. நீங்க ஒருத்தர்தான் தண்ணி வாங்கிக் கொடுத்தீங்க.

— தண்ணி கொடுத்தா படம் கிடைக்கும், தோன்யா டெல்மிரா. ஆபீஸ்ல பெரியவங்க சொல்லிக் கொடுத்தது. அந்தப் படத்தைத்தான் கொண்டு வந்திருக்கேன். நாளைக்குத் தரேன்னு வாங்கிட்டுப் போனது.

— ஒன்பது வருஷம் கழிச்சு உங்க நாளைக்கு வந்துருச்சா! கொடுங்க. ஐயோ, என் பசங்க. திருவிழா ராட்டினத்துக்கு முன்னாடி எடுத்தது. இந்த மாதிரி எத்தனை அம்மாங்ககிட்ட வாங்கியிருக்கீங்க?

— வேலையை விட்டுட்டேம்மா. மேசையைக் காலி பண்ணும்போது எண்ணிப் பார்த்தேன். எண்பத்து மூணு.

— திருப்பிக் கொடுத்தது?

— இது ஒண்ணுதான்.

— சரி விடுங்க. காப்பி ஆறுது. ரொஸ்கீயா பிஸ்கட்டை முக்கிச் சாப்பிடுங்க, இல்லேன்னா பல்லு போயிடும்.

— சாப்பிட வரலைம்மா. அன்னைக்குச் செத்தது பெரியவன், ஓஸ்மின். என் குறிப்பேட்டுல சரியாத்தான் எழுதியிருக்கேன். அன்னைக்கு ஒரே நாள்ல ஏழு கொலை. ஆபீசுக்குப் போன்ல சொல்லும்போது அவசரத்துல படத்தைத் திருப்பி, பின்னாடி எழுதியிருந்த ரெண்டு பேர்ல முதல் பேரைப் படிச்சிட்டேன். யாதிர்னு. படத்துல முதல்ல நிக்கிற, வெள்ளைச் சட்டை போட்டவனை மட்டும் வெட்டியெடுத்துப் போடுங்கன்னு வேற சொன்னேன். உயிரோட இருந்த சின்னவனைச் செத்துட்டான்னு அச்சடிச்சேன்.

— தெரியும்.

— தெரிஞ்சுமா வந்து ஒரு வார்த்தை திட்டலை?

— திட்டவா? வருஷா வருஷம் உங்க பேர்ல மெழுகுவத்தி ஏத்துறேன். ரிகோபெர்த்தோதானே உங்க பேரு?

— குத்திக் காட்டாதீங்கம்மா. ஏற்கெனவே கூனிப்போய்த்தான் வந்திருக்கேன்.

— குத்தலை தம்பி, கேளுங்க. பெரியவனைச் சுட்ட கும்பல் தேடினது சின்னவனை. உங்களோட சேரமாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான். அன்னைக்குச் சாயங்காலம் பெரியவன் தம்பி தொப்பியை மாட்டிக்கிட்டு பஸ்ஸுக்கு நின்னான். ஆள் மாறிப்போச்சு. தெரிஞ்சிருந்தா மறுநாளே வந்து இவனையும் முடிச்சிருப்பானுங்க. ஆனா மறுநாள் பேப்பர்ல யாதிர் முகம், யாதிர் பேரு. சரியான ஆளைத்தான் சுட்டிருக்கோம்னு போயிட்டானுங்க.

— அப்போ யாதிர்?

— கோழி லாரியில ஏத்தி அனுப்பிட்டேன். வேற ஊரு, வேற பேரு. டயருக்குப் பஞ்சர் ஒட்டுறான். ரெண்டு பொண்ணுங்க, ரெண்டும் வாயாடி.

— கல்லறையில?

— யாதிர்னுதான் எழுதியிருக்கு. பெரியவன் எங்கேன்னு கேட்டா, வடக்கே அமெரிக்காவுக்குப் போனவன் ஒரு போன்கூடப் பண்றதில்ல, நன்றி கெட்ட நாயின்னு சொல்லுவேன். செத்த பிள்ளையைத் திட்டித்தான் இருக்கிற பிள்ளையைக் காப்பாத்துறேன். என்ன, கப்பைக் கீழ வெச்சுட்டீங்க?

— இத்தனை வருஷம் கழிச்சுமா தேடுவாங்க?

— அன்னைக்குச் சுட்டவன்தான் இப்போ இந்தத் தெருவுக்கே ராஜா. முக்குக் கடையிலதான் உட்கார்ந்திருப்பான். ஆளை மாத்திச் சுட்டவன்னு ஊர் சிரிச்சா விடுவானா? பேப்பர் வந்ததும் நேரா சாவுப் பக்கத்தைத்தான் விரிப்பான், தான் பண்ணினது வந்திருக்கான்னு.

— நீங்க பேப்பர் பார்க்கறதில்லையா?

— பெரியவனைப் புதைச்சதோட சரி. தம்பி, ஒண்ணு சொல்றேன். மனசு உறுத்துதுன்னு இதை எங்கேயாவது எழுதிடாதீங்க. உங்க பாரம் இறங்கிடும். நான் இன்னொரு குழி தோண்டணும்.

— மன்னிப்புக் கேட்கணும்னுதான் நான்...

— கேட்டாச்சில்ல, போதும். அன்னைக்கு ரெண்டு பேர்ல யாருன்னு என்னை ஒரு வார்த்தை கேட்கலை நீங்க. இந்தத் தடவையாவது எழுதுறதுக்கு முன்னாடி வந்தீங்களே, அதுக்கே உங்களுக்குக் கோடிப் புண்ணியம். ஏன் இப்படி வேர்க்குது? ஜன்னலைத் திறக்கட்டுமா?

— வேண்டாம்மா, திறக்காதீங்க. சின்னவனுக்குப் போன் போடுங்க. இப்பவே. கடைசி வேலையா, முழுப் படத்தையும் போட்டுத் திருத்தம் எழுதிக் கொடுத்துட்டேன். இன்னைக்குக் காலைப் பேப்பர்ல வந்துருச்சு.